உப்பில்லாத மக்கரோனி

என் கணவருக்கு முதலில் இறுக்கமாகிப் போனது சப்பாத்துத்தான். கொழும்புப் புறக்கோட்டையில் ஓர் இரும்புக் கடையில் முப்பது வருடமாக பில் எழுதுகிற மனிதர் அவர். காலையில் போட்டுக்கொண்டு போன சப்பாத்து பின்னேரம் காலைக் கடிக்கத் தொடங்கியது. லேஸை அவிழ்த்துவிட்டு, செருப்பு மாதிரி இழுத்துக்கொண்டு கொட்டாஞ்சேனையில் பஸ்ஸால் இறங்குவார். "வெயிலுக்குக் கால் வீங்குது, பிலோ" என்பார். நானும் வெயில் என்றே நம்பினேன். பிறகு எங்கள் வீட்டுக்கு ஏறுகிற இரண்டு மாடிப் படியில் நடுவில் நின்று, யாரோ தெரிந்தவரைப் பார்ப்பது போலப் பாசாங்கு செய்து மூச்சு வாங்கினார். தலையணை ஒன்று இரண்டானது, இரண்டு மூன்றானது. மூன்று தலையணை அடுக்கிப் படுக்கிற மனிதனுக்கு என்ன வருத்தம் என்று இப்போது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்திருக்க வேண்டிய நேரத்தில் தெரியவில்லை.

எங்கள் மகள் ஷாமினி வெள்ளவத்தையில் புருஷன் வீட்டில் இருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தவள், தகப்பனின் காலில் பெருவிரலை வைத்து அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. கீழே போய் ஆட்டோ பிடித்தாள்.

அரசாங்க ஆஸ்பத்திரியின் காத்திருக்கும் மண்டபத்தில் வாங்குகள் வரிசையாகக் கிடந்தன. முன் வரிசை எழும்ப, பின்னால் இருப்பவர்கள் ஒவ்வோர் இடமாக முன்னுக்கு நகருவார்கள். அப்படி நகர்ந்து நகர்ந்து ஒரு முழுப் பகல் போனது. இரத்தம் எடுத்தார்கள், ஈசிஜி எடுத்தார்கள், எக்ஸ்ரே எடுத்தார்கள். கடைசியில் எக்கோ. எக்கோ என்றால் பயப்பட ஒன்றுமில்லை. பிள்ளைத்தாச்சிகளுக்கு வயிற்றில் செய்கிற ஸ்கானைப் போலத்தான். நெஞ்சில் குளிரான ஒரு பசையைப் பூசி, கருவியை வைத்து உருட்டுவார்கள். திரையில் இதயம் அடிப்பது தெரியும். கல்யாணம் கட்டி இத்தனை வருடத்தில் அவருடைய இதயத்தை நான் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான். சோம்பேறி மாதிரி அசைந்துகொண்டிருந்தது.

டொக்டர் ஷாமினியிடம் இங்கிலீஷில் கதைத்தார். அதில் "ஃபெயிலியர்" என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. எனக்குத் தெரிந்த பெயில் பள்ளிக்கூடத்துப் பெயில்தான். இதயம் பெயில் என்றால் நின்றுவிட்டது என்றல்லவா அர்த்தம் என்று என் கணவரின் முகத்தைப் பார்த்தேன். அவர் கட்டிலில் இருந்து வாழைப்பழம் உரித்துக்கொண்டிருந்தார்.

"நிக்கேல்ல அம்மா" என்றாள் ஷாமினி. "பம்ப் பண்ணுற பலம் குறைஞ்சு போச்சு. இரத்தத்தை முழுசாத் தள்ள ஏலாது. அதால தண்ணி காலில தேங்குது, பிறகு நெஞ்சுக்கு வருது. படுத்தா அந்தத் தண்ணி பரவி மூச்சு முட்டும். அதுதான் தலையணை."

ஒன்பது நாள் வாட்டில் வைத்திருந்தார்கள். மூக்கில் ஒக்சிஜன் குழாய், கையில் ஊசிக் குழாய், கட்டிலுக்குக் கீழே சிறுநீர்ப் பை. தண்ணீரை வெளியேற்றுகிற மருந்தை நரம்பில் ஏற்றினார்கள். நான் போகிற நேரமெல்லாம் அவருடைய முகத்தைப் பார்க்க முதல் அந்தப் பையைத்தான் பார்ப்பேன். நிறைந்திருந்தால் மாதாவுக்கு நன்றி சொல்வேன். ஒவ்வொரு காலையும் நிறுவை போட்டார்கள். நாளுக்கு நாள் நிறை குறைய, கணுக்கால் எலும்பு திரும்பவும் வெளியே வந்தது. பத்தாம் நாள் துண்டு வெட்டி, வீட்டுக்குப் போகலாம் என்றார்கள்.

அந்த நாளைத்தான் நான் இங்கே நின்று நிதானமாகச் சொல்ல வேண்டும்.

அவர் உடுப்பு மாற்றப் போயிருந்தார். ஷாமினிக்கு அன்று வேலை. நர்ஸ் மிஸ் என்னை மேசைக்குக் கூப்பிட்டு, மருந்துக் குளிசைகளை ஒவ்வொன்றாகக் காட்டி, சிங்களத்தில் வேகமாகச் சொன்னாள். நல்ல பிள்ளை. நாற்பது கட்டிலுக்கு அவளும் இன்னொருத்தியும்தான். கடைசியில் சாப்பாட்டுக்கு வந்தாள். "லுனு தென்ன எபா அம்மா. சம்பூர்ணயென்ம நவத்தன்ன" என்றாள். கொடுக்க வேண்டாம், அடியோடு நிறுத்துங்கள். "தேருனாத?" விளங்கியதா?

"ஒவ் மிஸ்" என்றேன். ஓம் என்றேன்.

நான் மன்னாரில் பிறந்து, கல்யாணம் கட்டிக் கொழும்புக்கு வந்தவள். என் சிங்களம் முழுவதும் சந்தைச் சிங்களம். இவரோ கொட்டாஞ்சேனையில் பிறந்தவர். சிங்களத்தில் பகிடி விட்டால் சிங்களவனே விழுந்து விழுந்து சிரிப்பான். அவர் இருக்கிற தைரியத்தில் நான் படிக்கவில்லை. மரக்கறி வண்டிக்காரனிடம் "லூனு பாகயக்" என்று அரைக் கிலோ வெங்காயம் வாங்குவேன், அந்தச் சொல் என் வாயில் தினமும் புழங்கியது. உப்பு பைக்கற்றில் வருகிறது. கடைத் தட்டிலிருந்து எடுத்துக் கூடைக்குள் போடுவதுதான். அதன் பெயரை யாரிடமும் சொல்லிக் கேட்க வேண்டிய தேவை முப்பது வருடத்தில் ஒரு நாளும் எனக்கு வரவில்லை. ஆக, மிஸ் சொன்னது எனக்கு வெங்காயமாகவே கேட்டது.

வெங்காயமா என்று எனக்கும் ஒரு சந்தேகம் தட்டியது. பொய் சொல்ல மாட்டேன். இதயத்துக்கும் வெங்காயத்துக்கும் என்ன சம்பந்தம் என்று ஒரு கணம் நின்றேன். ஆனால் திருப்பிக் கேட்கவில்லை. சண்டைக் காலத்தில் இந்த ஊரில் சோதனைச் சாவடிகளில் நின்று பழகிய வாய் இது. அடையாள அட்டையை நீட்டு, கேட்டதற்கு உடனே "ஒவ்" சொல்லு, நகரு. திருப்பிக் கேட்டால் சிங்களம் தெரியாது என்று ஆகும், தெரியாது என்றால் எந்த ஊர் என்று கேட்பான், மன்னார் என்றால் அவ்வளவுதான், ஓரமாய் நில். சாவடிகளை எடுத்து எத்தனையோ வருடம் ஆகிவிட்டது. என் வாயிலிருந்த சாவடியை மட்டும் யாரும் எடுக்கவில்லை.

டொக்டரின் துண்டில் இங்கிலீஷில் கோழி கிளறிய மாதிரி ஏதோ இருந்தது. ஷாமினி குளிசைப் பெயர்களை மட்டும் பார்த்து வாங்கித் தந்தாள். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டபோது, "நர்ஸ் எல்லாம் விளங்கப்படுத்தினவா, நீ யோசிக்காதை" என்று நான்தான் பெருமையாகச் சொன்னேன்.

வெங்காயம் கூடாதாம் என்று அவருக்கும் சொன்னேன்; மூன்று கிழமை எங்கள் வீட்டுக்குள் வெங்காயம் வரவில்லை. வெங்காயம் இல்லாமல் எங்கள் சமையலில் எதைத்தான் தாளிப்பது? பருப்பு, சொதி, சம்பல், மீன் குழம்பு, எல்லாம் மொட்டையாக இருந்தன. இவர் வாய்க்கு ருசி தேடுகிற மனிதர். "சப்பெண்டு கிடக்குது பிலோ, என்ன செய்து வச்சிருக்கிறாய்?" என்பார். பாவமாக இருக்கும். வெங்காயம் போன இடத்தை நிரப்ப, கறிக்கு உப்பைக் கொஞ்சம் தூக்கிப் போட்டேன். சம்பலுக்கு மாசிக் கருவாட்டுத் தூளைக் கூட்டினேன். கருவாடு பொரித்தேன். தேசிக்காய் ஊறுகாய்ப் போத்தலைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். "இப்ப சரி" என்று அவர் திருப்தியாகச் சாப்பிட, நான் எதிரே இருந்து பார்த்துச் சந்தோஷப்பட்டேன். இதை எழுதும்போது என் கையை எனக்கே பிடிக்கவில்லை.

இரண்டாவது தரம் அந்த மூச்சு முட்டல் ஒரு காலை நேரத்தில் வந்தது. கதிரையின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு நிமிர்ந்து இருந்தார். "தண்..." என்றார். மிச்சச் சொல் வரவில்லை. நெஞ்சுக்குள் கேத்தில் கொதிக்கிற சத்தம் கேட்டது. வாயோரத்தில் இளஞ்சிவப்பாய் நுரை. ஆட்டோவில் அவரை என்மேல் சாய்த்துக்கொண்டு போனேன். துறைமுக வீதியில் கொள்கலன் லொறிகள் வரிசையாய் நிற்க, ஆட்டோக்காரத் தம்பி நடைபாதையில் ஏற்றி ஓட்டினான். நான் செபமாலை சொல்லத் தொடங்கி, எந்த இடத்தில் விட்டேன் என்று தெரியாமல் திரும்பத் திரும்ப முதல் மணியிலேயே நின்றேன்.

நேரே தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள். நுரையீரல் நிறையத் தண்ணீர். முகத்தை மூடி இறுக்கமாய் ஒரு கவசம் போட்டு, காற்றை அழுத்தி உள்ளே தள்ளினார்கள். கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தால் அவர் மூச்சு விடுவதாகத் தெரியவில்லை, யாரோ அவரை ஊதுவதாகத்தான் தெரிந்தது.

வெளி வாங்கில் என்னுடன் பரீதா இருந்தாள். மட்டக்குளிக்காரி, அவளுடைய புருஷனும் உள்ளே. இரண்டு நாளாய் ஒரே பிளாஸ்கிலிருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தோம். இரண்டாம் நாள் உள்ளிருந்து ஒரு மிஸ் வந்து, என் முகத்துக்கு நேரே கேட்டாள்: "லுனு துன்னாத?" கொடுத்தீர்களா?

"நே மிஸ். லூனு எகக்வத் துன்னே நே" என்றேன். இல்லை, ஒன்றுகூடக் கொடுக்கவில்லை. அவள் என்னை ஒரு மாதிரிப் பார்த்து, தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள். நான் பரீதாவிடம் திரும்பினேன். "மூண்டு கிழமையா வீட்டில ஒரு வெங்காயத் துண்டும் உரிக்கேல்ல. பிறகும் இப்பிடி."

பரீதா சிரித்துவிட்டாள். "வெங்காயத்தையா நிப்பாட்டின அக்கா? மிஸ் கேட்டது உப்ப. வெங்காயம் லூனு. இது லுனு. உப்பு." சொல்லிக்கொண்டிருக்கும்போதே என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை விழுங்கினாள். பிறகு என் கையைப் பிடித்தாள். "யா அல்லா" என்று மெதுவாகச் சொன்னாள்.

குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள வித்தியாசம். அரிவரியில் டீச்சர் பிரம்பால் தட்டித் தட்டிப் படிப்பித்தது. நான் கழிப்பறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தேன். லுனு. லூனு. லுனு. வெளியில் யாரோ கதவைத் தட்டும்வரை சொன்னேன். அழுகை வரவில்லை. நானே என் புருஷனுக்கு மூன்று வேளையும் தட்டில் வைத்து ஊட்டியிருக்கிறேன் என்று மட்டும் தெரிந்தது.

ஏன் உப்பு கூடாது என்று பிறகுதான் விளங்கப்படுத்தினார்கள். உப்பு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். உடம்பில் உப்பு நின்றால் தண்ணீரும் நிற்கும், அந்தத் தண்ணீரையும் சேர்த்துத் தள்ள பலமில்லாத இதயம் படாத பாடு படும். வெள்ளை உப்பு மட்டுமல்ல. மாசி, கருவாடு, ஊறுகாய், பாண், சோயா சோஸ், சூப் கட்டி, எல்லாவற்றுக்குள்ளும் அது இருக்கிறது. நான் தேடித் தேடிக் கொடுத்த பட்டியலை அவர்கள் வாசித்தது போலிருந்தது.

ஐந்து நாளில் அவரை வாட்டுக்கு மாற்றினார்கள். உயிர் தப்பியது, ஆனால் திரும்ப எடுத்த எக்கோவில் இதயம் முன்னையைவிட மோசம். டொக்டர் ஷாமினியிடம் சொன்னதை அவள் எனக்கு மறைக்காமல் சொன்னாள்: இழந்தது திரும்பி வராது. அவளிடம் அன்றே உண்மையைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. "துண்டை நானெண்டாலும் ஒழுங்கா வாசிச்சிருக்கலாம்" என்றாள் கடைசியில். பழியில் பாதியைத் தன் தலையில் எடுத்துப் போட்டாள் என் பிள்ளை. அவரிடம் சொல்ல மட்டும் எனக்குத் துணிவு வரவில்லை. அவரோ பக்கத்துக் கட்டில்காரர்களிடம், "என்ர மனுசி ஒரு வெங்காயத் துண்டு கண்ணில காட்டேல்ல, அவ்வளவு கட்டுப்பாடு" என்று பெருமையாய்ப் புளுகிக்கொண்டிருந்தார். நான் போர்வையை மடித்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்த பிறகு உப்பில்லாத கறி அவருக்கு இறங்கவில்லை. உப்பில்லாத மீன் குழம்பை நாக்கு மீன் குழம்பாக ஏற்றுக்கொள்ளாது, ஏமாற்றிவிட்டாய் என்று சண்டை பிடிக்கும். ஒரு வாய் வைத்துவிட்டுத் தட்டைத் தள்ளிவிடுவார். சாப்பாடில்லாமல் ஆள் உருகத் தொடங்கினார். அப்போதுதான் ஷாமினி ஒரு பைக்கற் மக்கரோனி கொண்டுவந்தாள். "அப்பா இதை வாழ்க்கையில சாப்பிட்டதில்லை. முந்தி எப்பிடி இருந்தது எண்டு நாக்குக்குத் தெரியாதெல்லே" என்றாள். பைக்கற்றோடு வந்த மசாலாப் பொட்டலத்தை என் முன்னாலேயே கிழித்துக் குப்பையில் போட்டாள். அதில் உப்பைத் தவிர வேறொன்றும் இல்லையாம்.

நான் செய்கிற விதம் இதுதான். என்னைப் போல யாராவது இருந்தால் உதவும். ஒரு தேத்தண்ணிக் கோப்பை மக்கரோனியை, உப்புப் போடாமல், நிறையத் தண்ணீரில் அவிக்க வேண்டும். வடிக்கும்போது அந்தக் கஞ்சித் தண்ணீரில் கொஞ்சம் எடுத்து வைக்க வேண்டும். இரண்டு பெரிய வெங்காயத்தை மெல்லிசாய் அரிந்து, ஒரு கரண்டித் தேங்காய் எண்ணெயில், சின்ன நெருப்பில், பொறுமையாய் வதக்க வேண்டும். அவசரப்பட்டால் வெங்காயம் கருகும், இனிக்காது. அது தவிட்டு நிறத்துக்கு வந்து குழைகிற நேரம்தான் உப்பு இல்லாத இடத்தை நிரப்பும். பிறகு நாலு பல் உள்ளி, ஒரு தக்காளி, கறிவேப்பிலை, இடித்த மிளகு. மக்கரோனியைப் போட்டு, எடுத்து வைத்த தண்ணீரைத் தெளித்துப் பிரட்டி, இறக்கியபின் அரைத் தேசிக்காய் பிழிய வேண்டும். அவித்த கோழித் துண்டுக்குப் பக்கத்தில் ஒரு பிடி வைத்தால் போதும்.

முதல் நாள் நான் வெங்காயம் அரிந்துகொண்டிருக்க, அவர் சுவரைப் பிடித்துப் பிடித்துக் குசினி வாசலுக்கு வந்துவிட்டார்.

"வெங்காயம் கூடாதெல்லே?"

கத்தியைக் கீழே வைத்தேன். இனி ஒளிக்க இடமில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். மேசையடியில் மிஸ் சொன்னது, நான் ஓம் போட்டது, பரீதா சிரித்தது. அவர் கதவு நிலையில் சாய்ந்தபடி கேட்டார்.

"ஏன் நீ திருப்பிக் கேக்கேல்ல?"

"பயமா இருந்தது."

"அந்தப் பிள்ளைக்கா?"

"அவவுக்கில்லை. பழக்கம்."

அவர் போய்க் கதிரையில் இருந்தார். மக்கரோனியைச் சாப்பிட்டார். அடுத்த இரண்டு நாளும் என்னுடன் கதைக்கவில்லை. அந்த இரண்டு நாளும் எனக்கு ஆஸ்பத்திரி வாங்கைவிடக் கொடுமையாக இருந்தன. மூன்றாம் நாள் முள்ளுக்கரண்டியால் தட்டைக் கிளறியபடி, "வெங்காயத்தை இன்னும் கொஞ்சம் சிவக்க விடு" என்றார். பிறகு, "இது என்ன, குழாய்த் துண்டு மாதிரி, எங்கட கடையில அரை அங்குலத்தில இருக்குது" என்றார். நான் குசினிக்குள் போய் அழுதேன்.

அதன் பிறகு அது எங்களுக்குள் ஒரு பகிடியானது. கிளினிக்குக்குப் போய் நான் மிஸ்ஸிடம் கதைத்துவிட்டு வந்தால், வாங்கில் இருந்தபடியே கேட்பார்: "என்ன சொன்னவா? லுனுவா, லூனுவா?"

நாலாவது கிளினிக்கில் டொக்டர் துண்டைப் பார்த்தார், இவருடைய நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டார், மிஸ்ஸிடம் ஏதோ சொன்னார். மிஸ் இவரை வெளியில் இருக்கச் சொல்லிவிட்டு என்னை மட்டும் மறித்தாள். அவள் வேகமாகச் சொல்லி, "தேருனாத?" என்றாள்.

"நே மிஸ்" என்றேன். "தேருனே நே. ஆயெத் கியன்ன." இல்லை, விளங்கவில்லை, திரும்பச் சொல்லுங்கள். முப்பது வருடத்தில் முதல் தடவையாக ஒரு சிங்களச் சொல்லுக்கு முன்னால் நின்று அப்படிச் சொன்னேன்.

அவள் நிறுத்தி, நிதானமாக, குழந்தைக்குச் சொல்வது போலச் சொன்னாள். மருந்தைக் கூட்ட இனி வழியில்லை. இதயம் களைத்துவிட்டது. ஐயாவுக்குச் சாப்பிட ஆசையானதைக் கொஞ்சம் கொஞ்சமாய்க் கொடுங்கள். "தெங் லுனு டிக்கக் தெம்மாட்ட கமக் நே." இனி உப்புக் கொஞ்சம் கொடுத்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு சொல்லும், குறிலும் நெடிலும், எனக்கு விளங்கியது. விளங்காமலே போயிருக்கலாம்.

வெளியே வந்தேன். அவர் வாங்கில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார்.

"என்ன சொன்னவா? லுனுவா, லூனுவா?"

"லூனுதான்" என்றேன்.

அன்று பின்னேரம் வழமைபோல மக்கரோனி செய்தேன். இறக்கியபின், மேல் தட்டில் ஒளித்து வைத்திருந்த உப்பு டின்னை எடுத்து, இரண்டு விரல் நுனியால் ஒரு சிட்டிகை போட்டேன். ஆசையாய்ச் சாப்பிடட்டும் என்றுதான் போட்டேன். அவர் முதல் வாயை மென்றார். மெல்லுவதை நிறுத்தினார். மிஸ் எனக்குச் சொன்ன எல்லாம் அந்த ஒரு வாயில் அவருக்குக் கேட்டுவிட்டது.

தட்டை என் பக்கம் தள்ளினார்.

"நாளைக்குப் போடாதை, பிலோ" என்றார். "எனக்கு இன்னும் கொஞ்ச நாள் இருக்க வேணும்."

எழும்பிப் போய் வேறு வெங்காயம் எடுத்து உரித்தேன். அது ஐந்து மாதத்துக்கு முந்திய கதை; இன்றைக்கும் அவர் தட்டில் உப்பில்லாத மக்கரோனிதான். அந்த டின்னை நான் பிறகு திறக்கவில்லை.